நின்றால் அணையும் அடுப்பு

மோட்டார் வண்டி ஓடும் அழகைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அது நிற்கும் அழகைப் பற்றிக் கவலை கொள்ளுகிறவர்கள் டிரைவரும் மெக்கானிக்கும்தான். வண்டி நிற்க வேண்டும். ஆனால் எஞ்சின் நிற்கக் கூடாது. சக்கரங்களுக்கு வேலையில்லாத அந்த நேரத்தில் எஞ்சின் தன் உயிரைத் தானே பிடித்துக் கொண்டு, மெதுவாகவும் ஒரே சீராகவும் துடித்துக் கொண்டிருக்க வேண்டும். பட்டறைகளில் இதற்கு 'ஐடிலிங்' என்று பெயர். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ரெயில்வே கேட்டுகளில் ஏதாவதொன்றில், சரக்கு லாரி ஒன்று தடதடவென்று உடம்பை ஆட்டிக் கொண்டு நிற்பதையும், டிரைவர் மிதித்து மிதித்து அதை உறுமச் செய்வதையும் நேயர்கள் பார்த்திருக்கலாம். அந்த எஞ்சினுக்கு ஐடிலிங் சரியில்லை என்று அர்த்தம்.

பெட்ரோலுக்கென்றே செய்த எஞ்சினில், பெட்ரோலையே ஊற்றி ஓட்டும்போதும் இந்தத் தொந்தரவு உண்டு. அதே எஞ்சினை அடுப்புக் கரியால் ஓடும்படி மாற்றி விட்டால் என்ன ஆகும்? 1940-களில் நம் நாட்டு பஸ்களுக்கும் லாரிகளுக்கும் அதுதான் ஆயிற்று. திண்டுக்கல் வட்டாரத்தில் தொண்ணூறு வயதை எட்டிய பெரியவர்களிடம் 'கரி பஸ்' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். பின்புறம் பீப்பாயைப் போல ஒரு தொட்டி, கிளீனர் வியர்க்க வியர்க்கச் சுற்றும் விசிறி, ஏற்றத்தில் பிரயாணிகள் இறங்கி நடந்தது என்று கதை வளர்ந்து கொண்டே போகும். சிரித்துக் கொண்டே சொல்லுவார்கள். அந்த வண்டியை நிறுத்திய இடத்தில் அணையாமல் நிற்க வைப்பதற்கு எவ்வளவு வித்தை வேண்டியிருந்தது என்பது மட்டும் அந்தக் கதைகளில் வருவதில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

1939 செப்டம்பர் 3-ந் தேதி, இந்திய ஜனங்களை ஒரு வார்த்தை கேட்காமலே வைஸ்ராய் லின்லித்கோ பிரபு இந்தியாவை யுத்தத்தில் இழுத்து விட்டார். 1941-ல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பின்வாங்கிய பிரிட்டிஷார் சிரியம் சுத்திகரிப்பு ஆலையையும், ஏப்ரலில் ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளையும் தாங்களே அழித்துவிட்டுப் போனார்கள். பர்மாவிலிருந்து நமக்கு வந்து கொண்டிருந்த எண்ணெய் அதோடு நின்றது. அஸ்ஸாமில் டிக்பாய் எண்ணெய் இருந்தாலும் அது ராணுவத்தின் பசிக்கே போதவில்லை. திண்டுக்கல் புகையிலைக்கும் தோலுக்கும், சிறுமலை வாழைப்பழத்துக்கும், பழனி யாத்திரைக்கும் பெட்ரோல் எங்கிருந்து வரும்?

பெட்ரோல் இல்லை, விறகும் கரியும் உண்டு. உலகமெங்கும் அப்போது இந்த நிலைமைதான். 1920-களிலேயே ஐரோப்பாவில் ஜார்ஜ் இம்பெர் என்பவர் விறகிலிருந்து வாயு எடுத்து மோட்டார் ஓட்டும் கருவியை அமைத்திருந்தார். யுத்த காலத்தில் ஸ்வீடன் என்னும் சிறு தேசத்தில் மட்டும் 70,000-க்கு மேற்பட்ட வண்டிகள் இவ்விதம் ஓடின. நம் பக்கத்தில், மதுரையில், ஸ்ரீ டி. வி. சுந்தரம் அய்யங்கார் (1877-1955) 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' என்ற கருவியைத் தயாரித்து வெளியிட்டார். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நாற்பது மைல்தான். அக்காலத்தில் திண்டுக்கல் மதுரை ஜில்லாவைச் சேர்ந்த ஊரும்கூட. (திண்டுக்கல் தனி ஜில்லாவானது 1985-ல்.)

'கரியில் ஓடும் லாரி' என்று வகுப்பில் சொன்னால், 'அப்படியானால் ரெயில் எஞ்சினைப் போல நீராவியா, ஸார்?' என்று ஒரு பையனாவது கேட்காமல் இருப்பதில்லை. நீராவி இல்லை. ரெயில் எஞ்சினில் தீ வெளியே எரிந்து தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. கரி லாரியிலோ, தொட்டியின் அடியில் கரி அரைகுறையாக எரிந்து ஒரு வாயு உண்டாகிறது. அந்த வாயுதான் சிலிண்டருக்குள் புகுந்து, பெட்ரோல் ஆவியைப் போலவே பொறிபட்டு எரிகிறது. கனன்று கொண்டிருக்கும் கரியில் காற்று பட்டதும் முதலில் கரியமில வாயு உண்டாகிறது. அது எரியாத வாயு, ஒன்றுக்கும் உதவாது. ஆனால் அதே வாயு மேலும் செக்கச் சிவந்த கரிப்படுகையின் ஊடே செல்லும்போது இன்னொரு பங்கு கரியை வாங்கிக் கொண்டு கார்பன் மோனாக்ஸைடாக மாறுகிறது. அது எரியும். இந்த இரண்டாவது மாற்றம் உஷ்ணத்தை வெளியிடுவதற்குப் பதில் விழுங்குகிறது. ஆகையால் படுகையின் சூடு சுமார் 900 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமல் இருந்தாலொழிய அது சரியாக நடப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக் கொண்டால் போதும். மற்றவை எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

கிடைக்கும் வாயுவில் பாதிக்கு மேல் வெறும் நைட்ரஜன், கார்பன் மோனாக்ஸைடு ஏறக்குறைய 30 பங்கு, கொஞ்சம் ஹைட்ரஜன். ஆகவே பெட்ரோலில் ஓடிய எஞ்சின் கரி வாயுவில் ஓடும்போது நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது வரை பலத்தை இழக்கிறது. ஒரு காலன் பெட்ரோல் செய்யும் வேலைக்குப் பதினான்கு ராத்தல் கரி வேண்டும். பிரயாணிகள் ஏற்றத்தில் இறங்கி நடந்ததற்குக் காரணம் இதுவே. அதில் டிரைவர் செய்யக்கூடியது அதிகமில்லை.

ஐடிலிங் விஷயம் வேறு. பெட்ரோல் டாங்கியில் இருக்கும் பெட்ரோல் எஞ்சின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் அதே பெட்ரோல்தான். கரி லாரிக்கு டாங்கி என்பது கிடையாது. எஞ்சின் இழுக்கிற இழுப்பில்தான் தொட்டிக்குள் காற்றுப் போகிறது. அந்தக் காற்றில்தான் கரி கனலுகிறது. அந்தக் கனலிலிருந்துதான் எஞ்சினுக்கு ஆகாரம் வருகிறது. கொல்லன் உலைக்கு ஒருவன் துருத்தி ஊத வேண்டும். இங்கே உலையில் வேகிற சோற்றைத் தின்கிறவனே துருத்தியும் ஊதுகிறான்! அவன் சற்று ஓய்ந்தால் உலை தணியும். உலை தணிந்தால் சோறு வேகாது. சோறு இல்லாவிட்டால் அவன் இன்னும் ஓய்ந்து போவான்.

மூன்றரை லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு லாரி எஞ்சினை எடுத்துக் கொள்வோம். நல்ல வேகத்தில் அது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3,000 லிட்டர் கலவையை உறிஞ்சும். அதில் காற்று பாதி, வாயு பாதி. ஐடிலிங்கில் 300 லிட்டர் போதும். அதாவது ரெயில்வே கேட்டில் நிற்கும்போது தொட்டியிலுள்ள தீக்கு வழக்கமான மூச்சில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. இரண்டு மூன்று நிமிஷம் வரை பழைய சூட்டிலேயே காலம் தள்ளலாம். அதற்குமேல் கரிப்படுகை சிவப்பிலிருந்து மங்கி, வருகிற வாயுவில் கரியமில வாயு மிகுந்து, எஞ்சின் இருமத் தொடங்கும். கேட்டைத் திறந்ததும் டிரைவர் கியரைப் போட்டு மிதிப்பார்; எஞ்சின் பெருமூச்சு விட்டுப் படுத்து விடும். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹார்ன் அடிக்கும். கிளீனர் இறங்கி விசிறியைச் சுற்ற வேண்டியதுதான்.

மலையிலிருந்து இறங்கும்போதும் இதே கதைதான் என்பது சற்று ஆச்சரியமாக இருக்கலாம். கொடைக்கானல் மலைப்பாதையைப் போன்ற நெடிய இறக்கத்தில் டிரைவர் காலை எடுத்து விடுகிறார். சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிய போதிலும், வாயு வரும் வழி மூடியே இருக்கிறது. மைல் கணக்கில் தீ மூச்சில்லாமல் கிடக்கும். அடிவாரம் வந்து வத்தலக்குண்டுச் சமவெளியில் வண்டி இழுக்க வேண்டிய நேரத்தில் எஞ்சினில் உயிர் இராது. அனுபவஸ்தனான டிரைவர் இறக்கத்திலும் நடுநடுவே சற்று மிதித்துத் தீக்கு மூச்சுக் கொடுப்பான்.

இனி, பட்டறையில் இதை எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம். நம் அபிப்பிராயத்தில் இந்த வேலையில் பாதி, கரித் தொட்டியைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வால்வுகள் சரியாக மூடாத எஞ்சினையும், ஒரு சிலிண்டரில் அழுத்தம் இருந்து மற்றொன்றில் இல்லாத எஞ்சினையும் வைத்துக் கொண்டு 'கரி வாயு மோசம்' என்று பழிப்பதில் பயனில்லை. பெட்ரோல் பலமுள்ள ஆகாரமாதலால் சில்லறைக் குறைகளை மறைத்துவிடும். கரி வாயு எதையும் மறைக்காது. கைப்பிடியைப் போட்டுச் சுழற்றிப் பார்க்கும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒரே மாதிரி எதிர்க்கிறதா என்று கையே சொல்லிவிடும்.

அடுத்தது பொறி விழும் நேரம். கரி வாயு மெதுவாக எரிகிற வஸ்து. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே, பெட்ரோலுக்கு வைப்பதைவிட இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி முன்கூட்டியே பொறியை விழச் செய்தால்தான் நெருப்பு முழுவதும் பரவி வேலை செய்ய நேரம் கிடைக்கும். ஆனால் அப்படி வைத்துவிட்டுக் கைப்பிடியால் ஸ்டார்ட் செய்தால், எஞ்சின் பின்னால் உதைத்துக் கையை முறித்துவிடக் கூடும். ஆகையால் கிளப்பும்போது பொறியைப் பின்தள்ளியும், கிளம்பிய பிறகு முன்தள்ளியும் வைக்க வேண்டும். சிலிண்டர் தலையைச் சீவி அழுத்தத்தைக் கூட்டியிருந்தால் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியையும் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும். அழுத்தம் மிகுந்த இடத்தில் பொறி தாண்டுவது கடினம்.

பிறகு ஒழுக்கு. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முன்னே சொன்ன எஞ்சினில் எங்கோ ஓர் இணைப்பு வழியாக நிமிஷத்துக்கு 30 லிட்டர் வெளிக்காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறது என்று வைத்துக் கொள்வோம். வேகமாக ஓடும்போது அது நூற்றில் ஒரு பங்கு, எவருக்கும் தெரியாது. ஐடிலிங்கிலோ அது பத்தில் ஒரு பங்கு! கலவை கெட்டு எஞ்சின் ஆடுவதற்கு அவ்வளவு போதும். அதிலும் வாயுவைத் திறந்து மூடும் திராட்டில் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள பகுதியில் ஒழுக்கு இருந்தால், தகடு மூடியிருக்கும் ஐடிலிங் சமயத்தில்தான் அங்கே உறிஞ்சல் மிகப் பலமாக இருக்கும். தகட்டுக்கு முன்னே, தொட்டிப் பக்கத்தில் ஒழுக்கு இருந்தால் எல்லா வேகத்திலும் ஒரே விதமாகக் கெடுதல் செய்யும். எனவே, 'ஓடும்போது நன்றாக ஓடுகிறது, நின்றால் ஆடுகிறது' என்று டிரைவர் சொன்னால் மெக்கானிக் தொட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. எஞ்சினை ஒட்டிய குழாயின் பாக்கிங்கையும், தகடு சுழலும் அச்சின் தேய்மானத்தையும் பார்த்தால் போதும். சந்தேகமுள்ள இணைப்பின்மேல் தூரிகையால் கெட்டி எண்ணெயைத் தடவினால், அது ஓட்டையை அடைக்கும் அந்த க்ஷணத்தில் எஞ்சினின் துடிப்பு மாறும். புகையை ஊதினாலும், ஓட்டையுள்ள இடத்தில் அது உள்ளே இழுபடுவது கண்ணுக்குத் தெரியும். சுருட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் இந்தக் கருவிக்குப் பஞ்சம் இருந்திராது!

இவ்வளவும் ஆன பிறகுதான் காற்று நெம்புகோல். பெட்ரோல் கார்ப்பரேட்டரில் ஒரு தரம் திருகாணியை வைத்துவிட்டால் அது பாட்டுக்கு இருக்கும். கரி வாயுவுக்கு அப்படி முடியாது. வாயுவானது கரிப்படுகை, குளிர்ப்பிக்கும் குழாய், வடிகட்டி ஆகிய இத்தனை தடைகளையும் தாண்டி வருகிறது. காற்றோ தாராளமாக வெளியிலிருந்து நுழைகிறது. இழுப்பு மாறும்போது இரண்டும் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை. வடிகட்டியில் தூசி சேரச் சேர மறுபடியும் கணக்கு மாறும். அதனால்தான் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நெம்புகோல் டிரைவரின் கைக்கு எட்டும்படி இருந்தது. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் காற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் ஓரிடத்தில் துடிப்புத் தளரும். கூட்டிக் கொண்டே போனாலும் ஓரிடத்தில் தளரும். இரண்டுக்கும் மத்தியில் நிறுத்த வேண்டும். மீட்டரும் டயலும் இல்லாத காலத்தில் காதுதான் கருவி. வீணைக்குச் சுருதி கூட்டுகிறவர் தந்தியை ஏற்றி இறக்கி நிலைக்குக் கொண்டு வருவதற்கும் இதற்கும் நமக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. கையில் எண்ணெய் பிசுபிசுக்கிறது, அவ்வளவே.

ஐடிலிங் வேகத்தையும் பெட்ரோலுக்கு வைப்பதைவிட அதிகமாகவே வைக்க வேண்டும். தீக்கு வேண்டிய மூச்சு குறையாமல் இருப்பதற்காக. சில கருவிகளில் கரியின்மேல் துளித்துளியாகத் தண்ணீர் விடும் ஏற்பாடு உண்டு. தண்ணீர் கனலில் பட்டு ஹைட்ரஜனைக் கொடுக்கும். ஹைட்ரஜன் சீக்கிரம் எரியும். ஓடும் வண்டிக்கு அது நல்லது. நிற்கிற வண்டிக்கு அது விஷம். ஏற்கெனவே தணிந்து வரும் தீயை அது இன்னும் தணிக்கும். வண்டி நின்றவுடன் தண்ணீர்க் குழாயை மூட மறந்த டிரைவர், ஐடிலிங் கெட்டதற்கு வேறு காரணம் தேடிக் கொண்டிருப்பார்.

கரியிலும் விஷயம் இருக்கிறது. மூட்டம் போட்டவன் அவசரப்பட்டுப் பாதி வெந்த கட்டைகளையும் சேர்த்து மூட்டையாகக் கட்டிவிட்டால், தீ தணிந்த சமயத்தில் அதிலிருந்து கீல் போன்ற பிசின் கிளம்பி வால்வுத் தண்டுகளில் ஒட்டிக் கொள்ளும். மறுநாள் காலை வால்வு அசையாது. கையில் எடுத்துத் தட்டினால் 'கிண்' என்று சத்தம் கேட்க வேண்டும். அதுதான் வெந்த கரி. பொடியும் கூடாது, அது காற்றின் வழியை அடைத்துவிடும்.

சரி செய்தாயிற்றா என்று பார்ப்பதற்கு, ஓடி வந்த வண்டியை நிறுத்தியவுடன் எஞ்சினின் ஓசையைக் கேட்டுத் திருப்திப்படுவது போதாது. அப்போது தீ நல்ல சூட்டில் இருக்கும். எந்த எஞ்சினும் சாதுவாகவே நிற்கும். ஐந்து நிமிஷம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு ஒரே மிதியாக மிதித்துச் சுமையுடன் கிளப்ப வேண்டும். அதில் தேறினால்தான் தேர்ச்சி.

இவ்வளவு சிரமம் எதற்கு, நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். எஞ்சின் அணைந்தாலும் தொட்டியில் தீ அணைவதில்லை. வாயு உண்டாகிக் கொண்டேதான் இருக்கும். இழுப்பதற்கு எஞ்சின் இல்லாதபோது அது மூடியிடுக்கிலும் குழாய் இணைப்பிலும் கசிந்து வெளியே வரும். அந்த வாயுவில் மூன்றில் ஒரு பங்கு கார்பன் மோனாக்ஸைடு என்று முன்பே சொன்னோம். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுதலுடன் இது போய் உட்கார்ந்து கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம்; மூடிய கொட்டகையாக இருந்தால் அதன் பிறகு எழுந்திருப்பதில்லை. ஸ்வீடனில் இந்த விஷவாயுவினால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி வைத்தியர்கள் விரிவாக ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் காலை நாலு மணிக்கு எழுந்து, சாம்பலை வாரிக் கொட்டி, கரியை நிரப்பி, எஞ்சின் கிளம்பும்வரை பத்து இருபது நிமிஷம் விசிறியைச் சுற்றிய கிளீனர் பையன்கள் தினந்தோறும் இதைச் சுவாசித்தார்கள். நல்ல வாயு வந்துவிட்டதா என்று பார்க்கப் புகைக்குழாயின் வாயில் நெருப்பை வைப்பது வழக்கம். நிதானமாக நீலச் சுடர் எரிந்தால் எஞ்சினுக்குத் திருப்பலாம். அதுவரை வருகிற அத்தனையும் பையனின் முகத்துக்கு நேரேதான் போகும். ஐடிலிங் கெட்ட வண்டியில், வழியில் அணைந்த ஒவ்வொரு தடவையும் அவன் மறுபடி இறங்கிச் சுற்ற வேண்டும். மெக்கானிக் காதைத் தீட்டிக் கொண்டு காற்று நெம்புகோலில் செலவழித்த அரை மணி நேரம், பிரயாணிகளின் சௌகரியத்தைவிட அந்தப் பையனின் ஆயுளுக்கே அதிகம் உதவியிருக்கும்.

ஸ்வீடன்காரர்கள் தங்கள் அனுபவம் அனைத்தையும் தொகுத்து 1950-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். 1979-ல், எண்ணெய் நெருக்கடியில் அகப்பட்ட அமெரிக்கர்கள் அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்துக் கொண்டார்கள். நம் பட்டறைகளின் அனுபவம் பெரும்பாலும் அதைக் கற்றவர்களின் கையோடும் காதோடும் போயிற்று. பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1980-களிலிருந்து இதே வாயுவைக் கொண்டு எஞ்சின் ஓட்டும் ஆராய்ச்சி நடந்தது உண்மை. ஆனால் அவை ஓரிடத்தில் நின்று ஒரே வேகத்தில் ஓடும் எஞ்சின்கள். ரெயில்வே கேட்டு அவற்றுக்குக் கிடையாது. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் இன்று வெளியிலிருந்து வாங்குகிறது என்பதை நினைக்கும்போது, கரி லாரியை வெறும் வேடிக்கைக் கதையாக ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி செய்த லாரிகளில் ஐடிலிங்கைக் கவனிக்க ஒரு சிறு கம்ப்யூட்டர் இருக்கிறது. எஞ்சின் தளர்ந்தால் அது தானே எரிபொருளைக் கூட்டும். மெக்கானிக் காதுக்குப் பதில் கம்பியை மாட்டிப் பார்க்கிறார்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் கரித் தொட்டிகளைக் கழற்றினார்கள். பொறியைப் பழைய இடத்துக்குப் பின்தள்ளுவது ஒரு நிமிஷ வேலை. காற்று நெம்புகோலை எடுத்துவிட்டுக் கார்ப்பரேட்டரை மாட்டுவதும் சுலபம். ஆனால் அழுத்தத்தைக் கூட்டுவதற்காகச் சீவிய சிலிண்டர் தலையில் இரும்பு மறுபடியும் வளராது. அத்தகைய எஞ்சினில் அக்காலத்து மட்டமான பெட்ரோலை ஊற்றினால் ஏற்றத்தில் 'டக்டக்' என்று தட்டத் தொடங்கும். தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒன்றுக்கு இரண்டாகக் காஸ்கெட்டை வைத்து முடுக்குவதைத் தவிர அதற்கு வேறு சுருக்கு வழி கிடையாது.